முழங்காலுக்கு மேலே கடுகளவு

குதிரை வட்டாரத்தில் கால் ஜோசியரைத் தெரியாதவர் கிடையாது. அவர் லாயத்துக்குள் நுழைந்தால் நொண்டிக் குதிரைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கும் என்பார்கள். பந்தயத்தில் ஓடி முடித்த ஆண் குதிரையை இனவிருத்திக்கு விடுவதற்கு முன், அதன் கால் உறுதியானதா, பிறக்கப்போகும் குட்டிகளின் கால் தாங்குமா என்று சொல்வதுதான் அவர் தொழில். எத்தனை வருஷம் ஓடியது, எத்தனை தடவை அடிபட்டுப் படுத்தது என்று விசாரிப்பார். சிமென்ட் தரையில் நடக்கவிட்டு முன்னாலும் பின்னாலும் பார்ப்பார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னங்கால்களைத் தடவுவார். கண்ணை மூட அவசியமே இல்லை. அது கூட்டத்துக்காக.

தங்கையின் லாயத்தில் அன்று காலை அவரைச் சுற்றிக் கூட்டமில்லை. அங்கேதான் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்ள ஆசையாயிருந்தது. எதிரே ஐந்து மாதக் குட்டி. அதன் முன்முழங்கால்கள் இரண்டும் ஊர் வம்பு பேசும் சம்பந்திகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்க, குளம்புகள் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போயின. இதைப் பார்க்க வராமலிருக்க, குதிகாலில் தொடங்கி உச்சந்தலை வரை இல்லாத வியாதியெல்லாம் வரவழைத்து ஐந்து மாதம் ஓட்டிவிட்டார்.

"உன்ன ஒண்ணும் குத்தம் சொல்லலண்ணா" என்றாள் தங்கை. "நீ நல்ல குதிரையாத்தான் பாத்துச் சொன்ன. நம்ம பெட்டைக் குதிரைதான் சரியில்ல."

"மச்சான் கைவெச்சுப் பாத்த குதிரைய யாராச்சும் குறை சொல்வாங்களா?" என்றார் மாப்பிள்ளை, அவள் கணவர். "குட்டிக்கு டாக்டர் ரெண்டு ஸ்குரூ போட்டு நிமித்திடறேன்னாரு. பெட்டைய இனிமே வெச்சு என்ன பண்றது? லாரி வந்துட்டிருக்கு. சவாரி பழகுற இடத்துக்கு அனுப்பிடறோம்."

ஸ்குரூ என்றதும் ஜோசியரின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது.

போன வருஷம், இந்தக் குட்டியின் அப்பன் குதிரையைப் பார்க்கப் போன பண்ணையில் முப்பது பேர் சூழ நின்றார்கள். குதிரையைத் தொடுவதற்கு முன்பே, "இந்தக் காலுல ஒரு தழும்பு காட்டுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்" என்று முழங்கிவிட்டார். அப்புறம் கண்ணை மூடித் தடவினார். முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கம், மயிருக்கடியில் கடுகளவு ஒரு மேடு. அடுத்த காலிலும் அதே இடத்தில் அதே மேடு. குட்டியாக இருந்தபோது கோணிய காலை ஸ்குரூ வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். காலை நிமிர்த்தலாம், ரத்தத்தை நிமிர்த்த முடியாது. விரல் நின்றது.

"என்னங்க?" என்றார் பண்ணைக்காரர்.

"கொசு" என்றார் ஜோசியர்.

வாசலில் லாரி வந்து நின்றது. மாப்பிள்ளை பெட்டையை அவிழ்த்து நடத்திவந்தார். அது குட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ஏத்தாதீங்க மாப்பிள்ளை" என்றார் ஜோசியர். குரல் எலிக்குஞ்சு போல வந்தது. "பெட்டை மேல தப்பில்ல. அப்பன்காரன் காலு ஸ்குரூ போட்ட காலு. தடவறப்பவே எனக்குத் தெரியும்."

தங்கை பெட்டையின் கழுத்தை ஒருதரம் தடவிக்கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"தெரிஞ்சுமா எங்க பெட்டைய அங்க விடச் சொன்ன?"

"அத்தன பேர் முன்னாடி வாய விட்டுட்டேன்மா."

"அடுத்த வாரம் மறுபடி பெட்டைங்க வருமில்ல அந்தப் பண்ணைக்கு? போனைப் போடு. நீ சொல்றத நான் காதால கேக்கணும்."

பண்ணைக்காரர் குஷியாகப் பேசினார். "வாங்க ஜோசியரே! உங்க பேரச் சொல்லியே இந்தத் தடவ அறுபது பெட்டை பதிவாயிருக்கு!"

ஜோசியர் சொன்னார். பாதி வார்த்தை தொண்டையிலும் மீதி சட்டைக்காலரிலும் சிக்கிக்கொண்டது.

"என்னது? சரியா கேக்கல."

தங்கை போனை அவர் வாய்க்கருகே தள்ளினாள். அவர் மறுபடி சொன்னார். கொசு வரைக்கும் சொன்னார். இந்தத் தடவை லாரி டிரைவர்கூடப் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எதிர்முனையில் போன் துண்டிக்கப்பட்டது.

மாப்பிள்ளை பெட்டையை லாயத்தின் பக்கம் திருப்பினார். வழியில் ஜோசியர் நின்றிருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றார் மாப்பிள்ளை. மச்சான் என்று கூப்பிடவில்லை.

ஜோசியர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.