புகைவாய் பார்த்த பக்கம்

என் அப்பா தன் சொந்தத் தம்பியின் முன்பற்கள் இரண்டை வேலிப் பலகையால் அடித்து உடைத்தார். 2004 மே மாதம், ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு. சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. ஐஸ் ஹொக்கி மட்டையால் அப்பாவின் இடது காதைக் கிழித்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே டொக்ரர் தையல் போட்டார். இரண்டு பேருமே படியில் விழுந்ததாகச் சொன்னார்கள்.

நாலு அங்குலத்துக்காக நடந்த சண்டை அது.

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு எங்களுடையது. இடது பாதி எங்களுக்கு, வலது பாதி செபமாலைச் சித்தப்பாவுக்கு. சேர்ந்து வாங்கினார்கள். பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு ஒரே நாளில் இரண்டு பாதியையும் மந்திரித்தார்கள். பின்வளவுகளுக்கு நடுவே சித்தப்பா வேலி போட்டபோது அது எங்கள் பக்கம் நாலு அங்குலம் வந்துவிட்டது என்று அப்பா சொன்னார். வந்ததுதான், நானே அளந்தேன். எங்கள் ஊர் மன்னாரில் வேலி அடைக்கும் ஒவ்வொரு வருடமும் கதியாலை ஒரு விரல் தள்ளி நட்டு அடுத்தவன் காணியைத் தின்பார்களாம். கதியால் என்றால் துளிர்த்து வளரும் உயிர் வேலிக்கம்பு. மொன்றியல் பனியில் அது துளிர்க்காது. புத்தி மட்டும் துளிர்த்தது. பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லச் சொல்லிச் சுவாமியார் கேட்கும் நேரத்தில் இரண்டு பேரும் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவார்கள்.

இதெல்லாம் எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது. அம்மாவின் நெஞ்சு பழுதாகும் வரை.

அம்மாவின் பெயர் யோசெப்பின். துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நின்றவள். அந்தக் காற்று அவளுடைய நுரையீரலை அரித்துவிட்டது. இப்போது மூக்கில் குழாய், கட்டிலடியில் ஒட்சிசன் மெசின். மெசின் கரண்டில் ஓடுவது. 2006 ஜனவரியில் உறைமழை பெய்து கம்பிகள் அறுந்து ஒன்பது மணித்தியாலம் கரண்ட் இல்லை. கைகாவலுக்கு வைத்திருந்த சிலிண்டர்கள் ஆறாவது மணித்தியாலத்தில் தீர்ந்தன. நீலம் பாரித்த உதட்டோடு அவளைக் கதிரையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பனிப்படியில் இறக்கினோம். அன்றைக்கே முடிவெடுத்தேன். கரண்ட் போனால் பத்துச் செக்கனில் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேற்றர், வெளியே நிரந்தரமாகப் பொருத்திப் பூட்டி வைப்பது, காஸில் ஓடுவது. என் சம்பளத்தில் வாங்கினேன்.

எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கோவில் பங்கு மண்டபத்தில் 'என்ர மகள் எஞ்சினியர்' என்பார் அப்பா. வீட்டில் 'வாய்க்காரி'. என் வேலை கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வரைவது. எந்தச் சுவரால் நல்ல காற்று உள்ளே வர வேண்டும், எந்தப் பக்கம் புகை வெளியே போக வேண்டும். நாள் முழுக்க அதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஏப்ரலில் ஜெனரேற்றருக்கு இடம் தேடி வளவு முழுவதையும் அளந்தேன். முன்பக்கம் சரிவராது, பனி தள்ளும் வண்டி மோதும். குசினிச் சுவரோடு வைத்தால் எங்கள் ஜன்னலுக்குள்ளேயே புகை வரும். மிஞ்சியது பின்வளவின் நடு. எங்கள் ஜன்னலுக்கும் தூரம், சித்தப்பா வீட்டு ஜன்னலுக்கும் தூரம், புகைவாயைப் பின்சந்துப் பக்கம் திருப்பிவிடலாம். அந்த இடத்தில் அப்பாவின் பாகற்காய்ப் பந்தல் நின்றது. அம்மாவின் அறையில் வைத்து அப்பாவிடம் சொன்னேன்.

"பாவக்காய்ப் பந்தலைப் பிடுங்கிப்போட்டு மெசினை வைக்கச் சொல்லுறியோ?"

"ஓம். பாவக்காய் கடையிலை விக்குது. அம்மாவை விக்கிறேல்லை."

"வேலியோடை வை. வேலிக்குக் கீழை."

"அங்கை சித்தப்பாவின்ர பேஸ்மென்ற் ஜன்னல் இருக்கப்பா. ஒரு முழம் கூட இல்லை. புகை நேரை உள்ளுக்குப் போகும்."

"போகட்டும்."

"வெய்யிலுக்குச் சித்தி குழந்தையோடை அதுக்கைதான் படுப்பா."

"அதின்ர தகப்பன் வேலியைத் தள்ளிப் போடட்டும், நானும் மெசினைத் தள்ளி வைக்கிறன்."

"காணி அளந்த கடதாசி இருக்குத்தானே. வழக்குப் போடுங்கோவன்."

"கடதாசியை எலி தின்னும். கொங்கிறீட்டை ஆரடி தின்னுவான்? அந்த நாலு அங்குலத்திலை கொங்கிறீட் ஊத்தி மேலை மெசினைக் குந்த வைச்சா, பேந்து எவனும் அசைக்கேலாது."

"அப்ப இது அம்மாவுக்கு இல்லை. உங்கட எல்லைக்கல்லு."

அறைந்தார். என் கையில் அளவுநாடா இருந்தது, இரும்புக் கூடு போட்டது. அதை அவர் முகத்துக்கே எறிந்தேன். புருவம் வெடித்து இரத்தம் தாடியில் இறங்கியது. கட்டிலில் இருந்த அம்மா மூச்சை எண்ணி எண்ணிப் பேசினாள். "கொப்பருக்கு... நான் சாகாமல் இருக்கிறதிலும் பார்க்க... நாலு அங்குலம் பெரிசு." அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே மாதம் லைசென்ஸ் உள்ள கியூபெக்காரர் ஒருவர் மெசினைப் பூட்ட வந்தார். அப்பா வேலியைக் காட்டினார். அந்த மனிதர் ஜன்னலைப் பார்த்தார், குனிந்து கையால் தூரம் பிடித்தார், "நோன்", முடியாது என்றார். பந்தலுக்கு நடுவில் செம்மஞ்சள் பெயின்ற்றால் சதுரம் போட்டார். அப்பா அந்த இடத்தில் போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டார். அரை மணித்தியாலம் நின்றுவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். மெசின் பெட்டியோடு கொட்டிலில் கிடந்தது.

ஜூனில் கந்தோர் வேலையாக நாலு நாள் ரொறன்ரோ போனேன். திரும்பி வந்தபோது மெசின் வேலியடியில் இருந்தது. வேலிப்பலகைகளின் அடியை அறுத்து, சித்தப்பா பக்கம் சரியாக நாலு அங்குலம் உள்ளே போகும்படி கொங்கிறீட் ஊற்றியிருந்தார்கள். ஈரத்திலேயே ஒரு சிலுவையும் வருடமும் கீறியிருந்தார் அப்பா. புகைவாய் பேஸ்மென்ற் ஜன்னலைப் பார்த்து நின்றது. பூட்டியது பேரின்பநாதன். பிரிட்ஜ் திருத்துவது, கலியாண மண்டபத்துக்கு லைற் போடுவது, எல்லாம் அவர்தான். லைசென்ஸ் கிடையாது. போன் எடுத்துக் கத்தினேன்.

"தங்கச்சி, காணிப் பிரச்சினைக்குள்ளை நான் தலையிடுறேல்லை," என்றார். "காட்டின இடத்திலை பூட்டினன். வடிவா ஓடுதோ இல்லையோ, அதைச் சொல்லும்."

கொட்டிலில் இருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கொங்கிறீட்டில் ஒரு போடு போட்டேன். இரண்டாவது போடு விழும் முன் அப்பா என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கொட்டில் கதவில் மோதினார். வாய்க்குள் உப்புக் கரித்தது. மேலே ஜன்னல் கண்ணாடியில் அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள்.

"கழட்டு," என்றார். "நகரசபைக்கும் போன் எடு. வந்து சீல் வைச்சிட்டுப் போவாங்கள். பேந்து கரண்ட் போனா என்ன செய்வாய்? கொம்மாவுக்கு வாயாலை ஊதுவியோ?"

அலவாங்கைக் கீழே போட்டேன்.

கோடைப் புயல்களில் கரண்ட் போகும், மெசின் வேண்டும். பனி விழ முன் எப்படியாவது இடம் மாற்றலாம் என்று எனக்கு நானே சொன்னேன். மாலையில் வேலிக்கு மேலால் சித்தியைக் கூப்பிட்டேன். இமெல்டாச் சித்தி ஷெரோனை இடுப்பில் வைத்தபடி வந்தார். எட்டு மாதக் குழந்தை, என்னைப் பார்த்து பல்லில்லா முரசு தெரியச் சிரித்தது.

"சித்தி, உந்த பேஸ்மென்ற் ஜன்னலைப் பூட்டி வையுங்கோ. மெசின் ஓடினா புகை வரும்."

"என்ர ஜன்னலைப் பூட்டச் சொல்ல நீ ஆர்? இனி மூச்சு விடுறதுக்கும் உங்கட கொப்பரிட்டைக் கேக்கோணுமோ?"

புகை என்று மட்டும்தான் சொன்னேன். காபன் மொனொக்சைட் என்று சொல்லவில்லை. மணமில்லை, நிறமில்லை, நித்திரையிலேயே ஆளை முடிக்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் சித்தப்பா அடுத்த நிமிடமே நகரசபைக்குப் போன் எடுப்பார், மெசின் போய்விடும், பிறகு அம்மாவும். ஆகவே வாயை மூடினேன். வாய்க்காரி.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. இரண்டு நாளாகப் புழுங்கித் தள்ளிய வெக்கை உடைந்து புயல் அடித்தது. சந்தில் ஒரு மரம் கம்பியில் சரிந்து விழுந்தது. கரண்ட் போனது. அம்மாவின் மெசின் நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒன்பதில் வெளியே உறுமல் கேட்டது. கட்டிலடியில் பச்சை விளக்கு எரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அப்பா மழையில் நனைந்துகொண்டு மெசின் பக்கத்தில், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை கொண்டுவந்த தகப்பன் மாதிரி நின்றார்.

இருபது நிமிடம் கழித்துத்தான் வெளியே எட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம். பேஸ்மென்ற் ஜன்னல் பாதி திறந்திருந்தது. புகைவாயின் சூட்டுக் காற்றில் அதன் திரைச்சீலை அறைக்குள் ஊதி நின்றது. சித்தி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர். இரவு வேலை முடிந்தால் பகலில்தான் படுப்பார்.

ஓடினேன். வேலியடியில் நின்று "சித்தி! சித்தி!" என்று கத்தினேன். பதில் இல்லை. மெசின் பக்கம் திரும்பினேன். அப்பா குறுக்கே நின்றார்.

"நிப்பாட்டப் போறன், விலகுங்கோ."

"கொம்மா மேலை மெசினிலை இருக்கிறா."

"சிலிண்டர் இருக்கு. உள்ளுக்குக் குழந்தை சாகுதப்பா!"

"நடிக்காதை. இதைக் கழட்டுறதுக்குத்தானே அண்டைக்கிருந்து வழி பாக்கிறாய்."

தள்ளினேன். என் கழுத்தைப் பிடித்து வேலியோடு சேர்த்து அழுத்தினார். கட்டைவிரல்கள் இரண்டும் தொண்டைக்குழியில். கண் இருட்டியது. கை துழாவியபோது வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டி அகப்பட்டது. முதல் அடி அவர் தோளில். விடவில்லை. இரண்டாவது முழங்கையில். விடவில்லை. மூன்றாவதை அலகின் விளிம்பால் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் மெசின் உறுமலுக்கு மேலாகக் கேட்டது. மெசினின் மூடியைத் திறந்து சிவப்புச் சுவிச்சை அடித்தேன். அடங்கியது. மேலே அம்மாவின் மெசின் கீச்சிட்டது.

"அம்மா! சிலிண்டரைப் போடு!"

"போட்டிட்டன்... நீ போ!"

வேலிப் பலகைகளை உதைத்து உடைத்தேன். ஜன்னலின் மிச்சக் கண்ணாடியை மண்வெட்டியால் நொறுக்கி வயிற்றால் ஊர்ந்து உள்ளே விழுந்தேன். கண்ணாடி வயிற்றைக் கிழித்தது. சித்தி கட்டில் விளிம்பில் வாந்தி எடுத்தபடி கிடந்தார், கண் திறந்திருந்தது, எழும்பத் தெரியவில்லை. பக்கத்தில் ஷெரோன். கன்னம் இரண்டும் சிவந்து, நல்ல ஆரோக்கியமான குழந்தை மாதிரி. தூக்கினால் துணி மாதிரித் தொங்கியது.

"அப்பா! பிடியுங்கோ!" குழந்தையை ஜன்னலால் வெளியே நீட்டினேன். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி அப்பா கொங்கிறீட்டின் விளிம்பு வரை வந்தார். அங்கே நின்றார். தம்பியின் காணியில் கால் வைப்பதில்லை என்று மாதாவுக்கு முன் சத்தியம் செய்திருந்தார். ஒரு முழத் தூரம்.

"அப்பா!"

அவர் வாய் அசைந்தது. கால் அசையவில்லை.

குழந்தையை ஈரப் புல்லில் கிடத்திவிட்டு ஏறி வந்தேன். மழை அவள் முகத்தில் அடித்தது. வாயில் வாய் வைத்து ஊதினேன், உள்ளங்காலில் அறைந்தேன், திரும்ப ஊதினேன். இருமினாள். பால் வெளியே வந்தது. பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே ஜன்னலால் திரும்ப இறங்கிச் சித்தியின் கக்கத்தில் கை கொடுத்துப் படியேற்றி இழுத்தேன்.

அம்புலன்ஸும் பொலிசும் சித்தப்பாவும் ஒன்றாக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவசர நம்பருக்கும் சித்தப்பாவின் வேலையிடத்துக்கும் போன் எடுத்திருந்தார். சித்தப்பா மனைவியின் முகத்தில் ஒட்சிசன் முகமூடியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கொங்கிறீட்டைப் பார்த்தார். நேரே போய் அண்ணனின் முறிந்த கையைப் பிடித்து முறுக்கினார். அப்பா போட்ட அலறலில் சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு பாகற்காய்ப் பந்தலைச் சரித்துக்கொண்டு விழுந்தார்கள். பொலிஸ்காரர்கள் இரண்டு பேரின் முகத்தையும் சேற்றில் அழுத்தித்தான் பிரித்தார்கள்.

குழந்தை பிழைக்கும் என்று அம்புலன்ஸ்காரன் சொன்னான். சித்தியும். அம்மாவையும் முகமூடி மாட்டிச் சிலிண்டரோடு கட்டிலில் வைத்து இறக்கினார்கள்.

பொலிஸ்காரி என்னிடம் வந்தாள். இந்த மெசினை இங்கே வைக்கச் சொன்னது யார் என்று பிரெஞ்சில் கேட்டாள். அப்பாவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. சேற்றில் கிடந்தபடியே கத்தினார்.

"றொசானா! அந்தக் கியூபெக்காரன்தான் இடம் காட்டினவன் எண்டு சொல்லு! கொம்மாவை நினைச்சுச் சொல்லு, பிள்ளை!"

அம்மா முகமூடியைத் தூக்கினாள். "என்னை ஒருத்தரும்... நினைக்க வேண்டாம். எனக்கு மூச்சு விடவே... நேரம் காணாது."

சொன்னேன். இடம் என் அப்பா ஹென்றி தெரிந்தெடுத்தது. பூட்ட வந்தவர் மறுத்துவிட்டார். கள்ளமாக ஆள் பிடித்துப் பூட்டினார்கள். கையை முறித்தது நான். நான் ஒரு எஞ்சினியர், புகை எங்கே போகும் என்று கணக்கிடுவதுதான் என் தொழில். ஜூன் மாதமே பார்த்தேன். கொல்லும் என்று தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்தினாள். கடைசி வசனத்தைத் திரும்பச் சொல்லும்படி கேட்டாள்.

திரும்பச் சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக, அவள் எழுதி முடிக்கும் வரை. பிறகு அவள் ஜன்னலடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, எனக்குப் பொலிஸ் காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.