கைப்பிடிக்கு அடியில்

"உன் விரலுக்கு மட்டும் எப்படித் தெரியுது, மிலோய்கா?" என்று லூத்விக் கேட்டானே, அது எந்த வருடமோ, பனிக்காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது, அவள் முகம்தான் சிவந்தது, கண்ணை மூடிக்கொண்டால் தெரியுது என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அவன் இன்னொன்று கேட்டிருப்பான்... இப்போதும் கண்ணை மூடித்தான் இருந்தாள், கட்டைவிரல் பால்சட்டியின் விளிம்பைச் சுற்றி, வயிற்றில் வழுக்கி இறங்கி, கைப்பிடிக்கு அடியில் போய் நின்றுவிட்டது. குண்டூசித் தலை அளவுதான். அங்கே எனாமல் பிடிக்கவில்லை, வெறும் இரும்பு. சட்டியைக் கவிழ்த்தாள், அடியில் பதினேழு, லூத்விக்கின் எண், வேறு யாருடையதாகவாவது இருக்கக் கூடாதா, குறைகளை எண்ணும் பலகையில் இந்த வாரம் பதினேழுக்கு நேரே பதினொரு கோடு விழுந்தாகிவிட்டது, பன்னிரண்டு ஆனால் திங்கட்கிழமை முதல் அவனுக்கு வேலை இல்லை. இன்று வெள்ளி.

முன்பெல்லாம் ஏது பலகை? சட்டியில் குறை இருந்தால் அவனுடைய தள்ளுவண்டியில் கவிழ்த்து வைப்பாள், பத்து மணி இடைவேளையில் வந்து எடுத்துப் போவான், மறுபடி எனாமல் குழம்பில் முக்கிச் சூளைக்கு அனுப்புவான், மறுநாள் அது பளபளவென்று அவள் மேசைக்கு வரும், யாரும் எழுதி வைத்ததில்லை, அந்த ஒரு கேள்வியைத் தவிர ஒன்பது வருடம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். போன இலையுதிர் காலத்தில் தலைநகர் லியுப்லியானாவிலிருந்து புது இயக்குநர் வந்தார், ஒரே ஆலை இரண்டு பிரிவாயிற்று, நடுவில் கண்ணாடித் தடுப்பு, இந்தப் பக்கம் சோதிக்கிற பெண்களுக்கு ஒதுக்குகிற ஒவ்வொரு சட்டிக்கும் ஊக்கத்தொகை, அந்தப் பக்கம் முக்குகிறவர்களுக்கு அதே சட்டிக்குச் சம்பளப் பிடித்தம், ஒதுக்கியது நீலப் பெட்டிக்குப் போகும், சாயங்காலம் சுத்தியலால் அடித்து நசுக்கிவிடுவார்கள். "நீங்க எல்லாரும் இப்ப பங்குதாரர்கள். கழிச்சாத்தான் தரம் ஏறும், தரம் ஏறினா உங்க பங்கோட மதிப்பும் ஏறும்" என்றார் கூட்டத்தில், அவள் காதருகே பக்கத்து மேசை ஸ்டென்கா, "அப்போ எல்லாச் சட்டியையும் உடைச்சிட்டா நாமதான்டி கோடீஸ்வரி" என்றாள், மிலோய்காவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை, நல்ல சட்டிகளும் பெட்டிக்குள் விழ ஆரம்பித்தன, அவள் விரல்கூட இல்லாத குறையைத் தேட ஆரம்பித்தது, போன மாத ஊக்கத்தொகையில் வாங்கிய பூட்ஸ் இதோ காலில் இருக்கிறது, கதகதப்பாகத்தான் இருக்கிறது...

"என்னடி, உன் ஆளோட சட்டின்னா இப்படித் தடவிக்கிட்டே இருப்பியா? போடு பெட்டியில, சூப்பு ஆறிடும்," ஸ்டென்கா எழுந்துவிட்டாள், முட்டைக்கோஸ் சூப்பின் புளிப்பு வாசனை தடுப்பைத் தாண்டி வந்தது. வருகிறேன் என்று தலையாட்டினாள். நல்லது என்று அனுப்பிவிடலாமா? எவள் வீட்டு அடுப்பிலோ ஒரே மாதத்தில் துருப்பிடித்துத் திரும்பி வரும். பெட்டியில் போட்டால்? திங்கட்கிழமை அந்தக் கண்ணாடிக்கு அப்பால் வேறு முதுகு நிற்கும். இடைவேளைக்குக் கூடம் காலியாகிவிட்டது, அவள் எழுந்தாள், தடுப்பின் கதவைத் திறந்தாள், அவன் வண்டியில் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வருவானா... வந்தான். வண்டியைப் பார்த்தான், காதோரம் எப்போது நரைத்தது இவனுக்கு? சட்டியை எடுத்தான். கண்ணருகே கொண்டுபோகவில்லை, வெளிச்சத்தில் திருப்பவில்லை, அவன் கட்டைவிரல் நேராகக் கைப்பிடிக்கு அடியில் போய்ப் படிந்தது. தேடவே இல்லையே. ஈரம் காயும் முன் நகத்தால் தொட்டால் அப்படி ஒரு புள்ளி விழும், புதிதாகப் பழகுகிறவர்கள் கைக்குத்தான் அது நேரும், இவன் இருபது வருடமாக முக்குகிறவன்... ஒன்பது வருடமும் அதே இடம்தானா? ஒருமுறைகூட விளிம்பில் இல்லை, அடியில் இல்லை, கண்ணுக்குப் படுகிற எந்த இடத்திலும் இல்லை, அவள் விரலுக்கு மட்டும் படுகிற இடம், ஏன் அவள் ஒரு தடவையாவது யோசிக்கவில்லை... இந்தப் பன்னிரண்டாவதையும் வேண்டுமென்றேதான் தொட்டானா, பலகை தெரிந்துமா? அவன் தடுப்பைத் தாண்டி அவள் மேசைவரை வந்தான், இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை, அவள் வாய் திறந்தது. சட்டியை நீலப் பெட்டியில் ஓசைப்படாமல் வைத்தான், மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான், சூப்புக்கூடம் இருந்த பக்கம் திரும்பாமல் வெளிவாசலை நோக்கி நடந்தான்.