மெம்பர் வீட்டம்மா

"இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்றேன்" என்று மேஸ்திரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதல்ல. கட்டிடத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் சட்டசபைத் தேர்தலுக்கு நிற்பவள் அவருடைய மனைவி. பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரப் பெண் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள், "எதுக்காக நிக்கிறீங்கக்கா?" என்று. அக்கா வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி தொண்டையைச் செருமிவிட்டார்.

"எங்க குடும்பம் மக்கள் சேவைக்குன்னே பொறந்த குடும்பம். எங்கப்பா இருக்காரே…"

"அப்பா சீட்டாடுறதுக்குன்னுல்ல பொறந்தாரு?" என்று அடுப்படியிலிருந்து அவருடைய தங்கை குரல் கொடுத்தாள். கையில் வெங்காயம், கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"நீ உன் வேலையப் பாரு!"

பத்திரிகைக்காரப் பெண் பேனாவை மூடினாள். "அவங்களே சொல்லட்டும் சார்."

"அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்னம்மா? வாய்தான் வேற, வார்த்தை ஒண்ணுதான். அவளுக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது." மனைவியின் பக்கம் திரும்பினார். "இந்தா, வந்தவங்களுக்கு டீ போடு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் அடுப்பில் ஏறிய சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"ஏன் அண்ணி, எலக்‌ஷன்ல டீயா நிக்குது, நீங்களா நிக்கிறீங்க?" என்றாள் நாத்தனார்.

அவள் தேயிலையை அள்ளிப் போட்டாள். கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலைத்தளத்தில் மேஸ்திரி சாரத்தின் மேலே நிற்பார். அவள் கீழே நின்று கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுப்பாள். சுவர் எழும்பியதும் 'மேஸ்திரி கட்டிய சுவர்' என்பார்கள். அது தொழில் வழக்கம். அந்த வழக்கம் நகராட்சி வரைக்கும் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

போன உள்ளாட்சித் தேர்தலில் மேஸ்திரி நிற்க நினைத்திருந்த வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். மேஸ்திரி ஒரு நாள் முழுக்கத் துக்கம் காத்தார். மறுநாள் மனைவி இருப்பது ஞாபகம் வந்தது. அவளை நிறுத்தினார். அவளும் தெருத் தெருவாக நடந்தாள். விடியற்காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் முக்கில் கூட நிற்கும் சித்தாள் பெண்களிடம் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தாள். அந்த முக்கில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வேலைக்கு ஆள் வந்து கூப்பிடும் வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்து பலர் வீட்டிலேயே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். "நான் ஜெயிச்சா மொதல் வேலை அதுதான்" என்றாள். ஜெயித்தாள்.

மறுநாளிலிருந்து ஊரே மேஸ்திரியை 'மெம்பர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அவள் 'மெம்பர் வீட்டம்மா' ஆனாள்.

கூட்டத்துக்கு அவர் போனார். அவள் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அங்கே இன்னும் சில நாற்காலிகளிலும் புருஷன்மார்களே உட்கார்ந்திருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை. கழிப்பறையா, தெரு முனையில் அலங்கார வளைவா என்று பேச்சு வந்தபோது மேஸ்திரி வளைவுக்குக் கை தூக்கினார். வளைவில் பேர் பொறிப்பார்கள். கழிப்பறையில் பொறித்தால் யாருக்குப் பெருமை?

அந்த வளைவுக்கு மண் சுமந்தது யார் என்று கேட்கிறீர்களா? அவள்தான். கூட நின்ற சித்தாள் ஒருத்தி, "ஓட்டு உனக்குப் போட்டோம். கை மட்டும் எப்படிடி அவருதாப் போச்சு?" என்றாள். மெம்பர் வீட்டம்மா சட்டியை இறக்கி வைத்தாள். நேரே நகராட்சிக்குப் போய் நின்றாள். அங்கிருந்த குமாஸ்தா தலை நிமிராமல், "மெம்பரைக் கூட்டிட்டு வாங்கம்மா, பேசலாம்" என்றார்.

தேநீர் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

தேநீரை வந்தவள் கையில் கொடுத்தாள். வீட்டில் இரண்டே நாற்காலிகள். மூலையில் கிடந்த காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, புருஷனுக்குப் பக்கத்தில் சரிக்குச் சரியாக உட்கார்ந்தாள்.

"எழுதிக்கம்மா. கூலிக்கு ஆள் எடுக்கிற முக்குல எல்லாம் பொம்பளைங்களுக்குக் கழிப்பறை வேணும். எங்க ஊர்ல மட்டுமில்ல, எல்லா ஊர்லயும். அதுக்குச் சட்டம் போடணும். அதான் நிக்கிறேன்."

"நல்ல பாயின்ட்" என்றார் மேஸ்திரி தாராளமாக. "நான் போய்ப் பேசறேன்."

"அத நகராட்சியிலயே செஞ்சிருக்கலாமேக்கா? நீங்கதான மெம்பர்?" என்றாள் பத்திரிகைக்காரப் பெண்.

"செஞ்சிருக்கலாம். ஆனா நகராட்சி வாசல்ல காவல் கெடையாதும்மா." அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள். "போன வருஷம் தலைநகரத்துல சட்டசபைக் கட்டிடத்துக்குப் பூச்சு வேலைக்குப் போயிருந்தேன். ஒரு பொம்பள மெம்பரு வந்தாங்க. பின்னாலயே அவங்க வீட்டுக்காரரு, வெள்ளையும் சொள்ளையுமா. அந்தம்மா உள்ள போயிட்டாங்க. இவர வாசல்லயே நிறுத்திட்டாங்க. 'நான் யாரு தெரியுமா'ன்னாரு. 'தெரியும், மெம்பரோட வீட்டுக்காரரு. அப்படி ஓரமா நில்லுங்க'ன்னான் காவலாளி. சாயங்காலம் வரைக்கும் நின்னாரும்மா! அந்தம்மாவோட கைப்பைய வேற வச்சிக்கிட்டு."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுபோனது.

"தலையில கலவைச் சட்டி. ஆனா அன்னிக்கு அது கனக்கவே இல்ல. அங்கயே முடிவு பண்ணிட்டேன், நின்னா இங்கதான் நிக்கணும்னு."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் பூனை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது. மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். பாதியில் சிரிப்பு எங்கோ மாட்டிக்கொண்டது.

"நெஜமாவே உள்ள விட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"புருஷன்னு சொன்னாலுமா?"

"சொன்னா ஓரமா நிக்கச் சொல்வாங்க. குடை ஒண்ணு வாங்கித் தரேங்க, வெயிலா இருக்கும்."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். சட்டசபைக்கென்று தைத்த புதுச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.  

பத்திரிகைக்காரப் பெண் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை வந்தது. கழிப்பறை, காவல், வாசல் என்று அவள் சொன்னதெல்லாம் சொன்னபடியே இருந்தது. ஆனால் தலைப்பு வைக்கிறவர் வேறு யாரோ போலிருக்கிறது. கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'சட்டசபைக்கு மெம்பரின் மனைவி போட்டி.'

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டு வந்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். அவள் வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மெம்பர் யாருங்க?" என்று கேட்டாள்.

"நான்தா…" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் பத்திரிகையைத் தலைப்பு உள்ளே போகும்படி நாலாக மடித்தாள். பழைய துணியில் வைத்துச் சுற்றிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"ஏய், என்ன பண்ற? நம்மளப் பத்தி வந்த பேப்பரு அது!"

"இன்னிக்குச் செங்கல் சுமக்கிற வேலைங்க. வெறும் துணி வச்சா உச்சி வலிக்குது" என்றாள். "சுமந்துக்கிட்டே நாலு ஓட்டும் கேட்டுட்டு வரேன்."