பெர்க்மான்ஸின் பணிமூப்பு

பெர்க்மான்ஸ் தேசியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அந்த வேலையில் ஓராண்டு முடிந்தால் கோல் ஒரு ஃபர்லாங் அகலமாகும். அதுதான் பணிமூப்பு. வலது கம்பம் மைதானத்திலேயே நிற்கும். சங்கத்து ஆட்கள் வந்து இடது கம்பத்தை மட்டும் பிடுங்கி, அளந்து, தள்ளி நடுவார்கள். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்.

முதல் சில ஆண்டுகள் ஓடியே சமாளித்தார். பிறகு சைக்கிள் வாங்கிக்கொண்டார். பதினோராம் ஆண்டு அவருடைய வீடு கோலுக்குள் வந்தது. அன்று மனைவி ஜெசிந்தா பாயசம் வைத்தாள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது எட்டிப் பார்த்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் கம்பம் வீட்டைத் தாண்டி மீன் சந்தைவரை போய்விட்டது.

பத்தொன்பதாம் ஆண்டு இடது முழங்கால் மடங்க மறுத்தது. ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். சங்கச் செயலாளர் கனகசபாபதி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“இவ்வளவு பெரிய கோலை யார்கிட்ட ஒப்படைக்கிறது? ஆள் கிடைச்சா அன்னைக்கே உங்களை விட்டுடறோம்.”

“தேடினீங்களா சார்?”

“விளம்பரம் கொடுத்தோம். வந்தவங்க சைக்கிளைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க.”

அடுத்த ஆட்டத்தின் முப்பத்தெட்டாம் நிமிடம் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவன் ஊர்ப்பக்கம் வெகுநேரம் பார்த்தான். சந்தைக்குத்தான் அடிப்பான் என்று முடிவுகட்டி பெர்க்மான்ஸ் சைக்கிளை மிதித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது சாளை மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“இங்க வரலை அண்ணே. உங்க வீட்டுப்பக்கமா போச்சு.”

இனி மிதிக்க முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பந்து கோல் கோட்டைத் தாண்டியிருக்கும் என்றே நினைத்தார். அந்த நினைப்புகூட அவருக்கு அலுப்பாக இருந்தது. ஜெசிந்தா, கோடு போகும் அம்மிக்குப் பக்கத்தில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தாண்டிச்சா?”

“இல்ல. அம்மிக்கு இந்தப் பக்கமே பிடிச்சுட்டேன்.” அவள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இரண்டும் சிவந்திருந்தன. “இவ்வளவு எரியும்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே.”

பெர்க்மான்ஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

இடைவேளையில் கனகசபாபதி வந்தார். ஜெசிந்தாவுக்கு நியமன உத்தரவு, பெர்க்மான்ஸுக்கு ஓய்வு உத்தரவு, இரண்டையும் கொண்டுவந்திருந்தார்.

“அவ்வளவு கோலையும் அவளே பார்க்கணுமா சார்?” என்று பெர்க்மான்ஸ் கேட்டார்.

“குறைக்க விதி இல்ல.”

ஜெசிந்தா உத்தரவை இரண்டு முறை படித்தாள். பிறகு கணவரின் கையுறைகளைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். “உலை கொதிக்குது, பார்த்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலில் நின்றார்.

உள்ளே வந்து படுக்கலாம் என்று பாயை விரித்தபோது சங்கத்து ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறுவதால் வீட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் செய்வதுதான். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததில்லை.

“அக்கா வழக்கமா உலையைப் பிடிச்சுக்கிடுவாங்க” என்றார் ஒருவர்.

பெர்க்மான்ஸ் ஒரு துணியை எடுத்து உலைப்பானையை இரு பக்கமும் பிடித்துக்கொண்டார். அவர்கள் மூலைக்கு ஒருவராகப் போய்க் குனிந்தார்கள்.