ஒட்டாத கைப்பிடி

பெரியவளுக்கு அன்று வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. கேப்டன் அவள் தைத்த மெத்தையின்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு சின்னவளைப் புகழ்ந்தார்.

படகுப் பட்டறை மாமனாருடையது. மகன்கள் இருவரும் எஞ்சின் வேலைக்கு வெளியே போய்விடுவார்கள். பட்டறைக்குள் மருமகள்கள் ராஜ்ஜியம். பெரியவளுக்குத் தையல், சின்னவளுக்குப் பசை வேலை. இப்போது வந்திருப்பது ஓர் உல்லாசப் படகுக்கான குட்டிப் படகு. கேப்டனின் பெரிய படகு ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; ஆட்களைக் கரையிலிருந்து அங்கேயும் அங்கிருந்து கரைக்குமாகக் கொண்டுபோய் விடுவது இதன் வேலை. அடிப்பாகம் ஃபைபர், சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாய். மொட்டையாக வந்ததற்கு இருக்கை, விளக்கு, உறை, கைப்பிடி எல்லாம் வைத்து அனுப்ப வேண்டும்.

"இந்தக் கைப்பிடியெல்லாம் ஒட்டினது யாரு? நூல் பிடிச்ச மாதிரி இருக்கே" என்றார் கேப்டன்.

"எங்க சின்ன மருமகதான்" என்றார் மாமனார், ஏதோ அவரே பெற்று வளர்த்ததுபோல.

"அப்போ படகை ஒப்படைக்கிறப்ப அவங்களே வரட்டும். பெரிய படகுலயும் நிறைய வேலை இருக்கு. பார்த்து அளவெடுத்துட்டு, என்னென்ன செய்யணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

பெரியவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றுபோனது. இத்தனை வருஷமாக முதுகொடியத் தைக்கிறாள், ஒரு பெரிய படகிலாவது கால் வைத்ததுண்டா? நேற்று வந்தவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அளவெடுக்க வேண்டியவள் தையல்காரி. பசைக்காரிக்கு அங்கே என்ன வேலை? இனி அவள் சொல்வாள், இவள் கைகட்டிக் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு கைப்பிடி பாக்கியிருந்தது. ஆட்கள் பிடித்து ஏறும் இடத்தில் வர வேண்டியது. மறுநாள் சின்னவள் அந்த இடத்தைத் தேய்த்து, துடைத்து, பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பசை டின் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

பட்டறையில் சிலிக்கான் ஸ்ப்ரே ஒன்று உண்டு. ஜிப் வழுக்கிக்கொண்டு ஓட அதை அடிப்பார்கள். அது படிந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அதனால் வாசலுக்கு வெளியே போய்த்தான் அடிக்க வேண்டும் என்பது மாமனார் சட்டம். அந்தச் சட்டத்தைச் சின்னவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே பெரியவள்தான்.

உறையின் ஜிப் மக்கர் பண்ணியது உண்மை. ஸ்ப்ரே அடிக்க வேண்டியிருந்ததும் உண்மை. வாசல் கூப்பிடு தூரத்தில் இருந்ததும் உண்மைதான். பெரியவள் உறையைப் பென்சில் கோட்டுக்குப் பக்கத்திலேயே விரித்துப் போட்டு அடித்தாள். ஒரு தடவை போதும். இரண்டு தடவை அடித்தாள்.

சின்னவள் வந்து பசை தடவும்போது, சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

படகை அனுப்புமுன் ஒவ்வொரு கைப்பிடியையும் இரு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பது மாமனார் வழக்கம். கேப்டன் முன்னாலேயே இழுத்தார். எல்லாம் நின்றன. கடைசிக் கைப்பிடி நனைந்த ஸ்டிக்கர் மாதிரி கையோடு வந்தது; மாமனார் பொத்தென்று பின்பக்கமாக உட்கார்ந்தார்.

சின்னவள் குனிந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் வழுக்கியது. உறையின் ஜிப்பை ஒரு சாண் இழுத்துப் பார்த்தாள். அதுவும் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் சண்டைக்குத் தயாரானாள். உனக்குத் திமிர், உனக்குக் கொழுப்பு என்று ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

"என் தப்புதான் மாமா. சரியா துடைக்காம ஒட்டிட்டேன்" என்றாள் சின்னவள்.

மாமனாருக்கு மானம் போன கோபம். "கொஞ்சம் புகழ்ந்தாப் போதும், கண்ணு தலைக்கு மேல போயிடுது. மறுபடி ஒட்டிக் குடுத்துட்டு நீ இங்கயே கிட. பெரியவளே, படகோட நீ போ."

கேட்டது கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் சின்னவள் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரியவளுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"போகணும்னு ஆசையா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் சின்னவள், தலை நிமிராமல். "எனக்கு அளவெடுக்கவே தெரியாது. நானே மாமாகிட்ட உங்களை அனுப்பச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெரியவள் பத்து வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அதற்கும் வழியில்லை. வேலைதான் அவளுக்குச் சுத்தம் என்று பார்த்தால் மனசும் சுத்தமாக வைத்திருக்கிறாள். இதற்கு யார் என்ன ஸ்ப்ரே அடிப்பது?

மறுநாள் படகு புறப்பட்டது. கரையில் நின்று சின்னவள் கையாட்டினாள். உள்ளபடியே சந்தோஷமாக ஆட்டினாள். பெரியவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"தப்பைப் பட்டுனு ஒத்துக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றார் கேப்டன். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு?"

"ஓரகத்தி."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லவ" என்றாள் பெரியவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எஞ்சின் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று காதைச் சாய்த்தார். பெரியவள் இன்னொரு தடவை, சத்தமாக, சொல்ல வேண்டியதாயிற்று.