டீவியில் காலில்லாத மாப்பிள்ளை

மர்சூக் வீட்டு டீவியில் யாருக்கும் கால் கிடையாது. செய்தி வாசிக்கிறவருக்குக் கால் எதற்கு, அது போகட்டும். பந்து விளையாடுகிறவனுக்கும் இல்லை, நடனம் ஆடுகிறவளுக்கும் இல்லை என்றால் என்ன சொல்வது! திரையின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு. படம் அதுவரை வந்து, மடிந்து, வெள்ளைக் கோடாகச் சுருண்டுவிடும். போதாததற்கு இடைக்கிடை படம் குதிக்கும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கும். திருத்த வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதேயில்லை. மர்சூக்கின் மனைவி உம்மு குல்தூம் நீளமான பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றைக் கறுப்புக்கு முன்னால் வைத்தாள். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

அந்த டீவியில்தான் ஹமீமாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

ஹமீமா அவர்களுடைய ஒரே மகள். பல்லேபொலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். குணத்துக்குக் குறைவில்லை, முகத்துக்கும் குறைவில்லை, உயரம்தான் கொஞ்சம் தாராளம். உம்மாவை விட உயரம், மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற வாப்பாவை விட ஒரு தலைக்கும் மேல் உயரம். பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைக் குடித்தார்கள், வட்டிலப்பத்தை வழித்துத் தின்றார்கள், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஒருவனுடைய தாய், கூசாமல், "புள்ளைய கொஞ்சம் குனிஞ்சி நிக்கச் சொல்லுங்களே" என்றாள். அன்றிலிருந்து உம்மு குல்தூமும் வீட்டுக்கு யார் வந்தாலும் "குனி புள்ள, தோள எறக்கு புள்ள" என்று காதுக்குள் ஓத ஆரம்பித்தாள். ஹமீமா குனிந்தாள். குனிந்ததற்காக ராத்திரிகளில் தன்மேலேயே ஆத்திரப்பட்டாள். இனி ஒருவன் வந்து தன்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவதைத் தாங்க முடியாது என்று முடிவே கட்டியிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மாத்தளை டவுனிலிருந்து ஸுபைதா தாத்தா ஒரு வீடியோ கசெட்டோடு வந்தாள். அவர்கள் பேச்சில் அக்காவுக்குத் தாத்தா, அண்ணனுக்கு நானா. அவளுடைய தம்பி பாறூக், சவூதியில் ஒரு பெரிய கடையின் ஸ்டோரில் வேலை. லீவு கிடைக்க இன்னும் நாள் இருக்கிறதாம், அதனால் தன்னை வீடியோ பிடித்து, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்.

"நானும் இன்னும் பார்க்கல மர்சூக் நானா. எங்க வீட்டுல ஏது டீவி? பக்கத்து வீட்டுல போட்டா ஊரெல்லாம் கதையாப் போயிடும். நீங்களே பாருங்க. அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிய வாறேன், ஒரு முடிவச் சொல்லுங்க" என்று கசெட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கசெட் போடும் டெக் ஒன்றை ஒரு வார வாடகைக்குக் கொண்டுவந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மூன்று பேரும் பார்த்தார்கள். ஓர் அறை வாசலில் பாறூக் நின்றுகொண்டிருந்தார். தலை கதவு நிலையின் மேற்சட்டத்தைத் தொட்டுவிடும் போல இருந்தது.

"மாஷா அல்லாஹ்! ஒசரத்தப் பாரு!" என்று மர்சூக் தொடையில் தட்டினார்.

உம்மு குல்தூம் அழுதேவிட்டாள். பாறூக் ஸலாம் சொன்னார், சொல்ல வந்ததை மறந்தார், சிரித்தார். "நான் நல்லாச் சமைப்பேன், உப்பு மட்டும் கூடிடும்" என்றார். அந்தச் சிரிப்பு ஹமீமாவுக்குப் பிடித்துப்போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, நிறையவே பிடித்துப்போயிற்று. கடைசியில் அவர் கமெரா பிடித்தவனிடம் "சரியா மச்சான்?" என்று கேட்டார். உடனே படம் குதித்தது, அவர் தலை விசுக்கென்று கீழே இறங்கியது. மர்சூக் வழக்கம்போல டீவியின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குள் கசெட் முடிந்துவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் ஹமீமா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. மனிதர் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி அசையவில்லை. ஒரு கை எப்போதும் கதவு நிலையைப் பிடித்தபடியே இருந்தது. சமையலறையைக் காட்டக் கமெராதான் போனது, அவர் குரல் மட்டும் இருந்த இடத்திலிருந்து வந்தது.

"வாப்பா, டீவியத் திருத்தணும். அவர்ட கால் தெரியணும் எனக்கு" என்றாள்.

"காலா? கால்ல என்னத்தப் பார்க்கப் போற? எல்லாருக்கும் இருக்கிற கால்தானே!"

"நடக்க ஏலாதவரா இருந்தாலும் நான் வேணாம்ண்டு சொல்ல மாட்டேன் வாப்பா. ஆனா தெரிஞ்சிக்கிட்டுச் சரி சொல்றது வேற, தெரியாமச் சரி சொல்றது வேற."

"வந்த நல்ல இடத்தையும் கெடுத்துக்காத புள்ள" என்று உம்மா கெஞ்சினாள். அடுத்த வீட்டு டீவியில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. பேச்சு முடிவாகும் முன் மாப்பிள்ளையின் கசெட் வெளியே போனால், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், ஊர்வாய்க்கு யார் பதில் சொல்வது? ஹமீமா பிடித்த பிடியில் நின்றாள். கடைசியில் மர்சூக் டவுனுக்குப் போய் டீவி திருத்தும் லெட்சுமணனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

லெட்சுமணன் வெள்ளிக்கிழமைதான் வந்தார். டீவியைக் கடைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "வயரும் பெட்டியுமா த்ரீவீல்ல போய், லெட்சுமணன்ங்கிற பேரையும் வச்சிக்கிட்டு செக்பொயின்ட்ல நிக்கச் சொல்றீங்களா நானா? ஸ்க்ரூ ஸ்க்ரூவா கழட்டிப் பார்ப்பாங்க. டீவியையும் என்னையும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது சிரிப்பில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யுத்தம் நடந்த அந்த வருஷங்கள் அப்படி.

வந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. மர்சூக் ஜும்ஆவுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்த பிறகுதான் திரும்பி வந்தது. லெட்சுமணன் பின்மூடியைக் கழற்றினார், தூசியை ஊதினார், தும்மினார், பழுதாகிப்போன ஒரு சின்னச் சாமானை எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தார்.

"இனி படத்தக் கீழ இழுத்து விடணும். திருகாணி பின்னால, படம் முன்னால. எனக்கு ரெண்டு பக்கமும் கண் இல்லையே. பெரிய கண்ணாடி ஒண்ணு கொண்டாங்க. முன்னால யாராவது பிடிச்சா நான் இங்கருந்தே பார்த்துத் திருகுவேன். என்ன சரி ஒரு படமும் போடணும். இந்த நேரத்துல டீவியில ஒண்ணும் போகாதே."

டெக்கில் இருந்தது ஒரே கசெட்தான். மர்சூக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, திருத்த வந்தவரிடம் என்ன வெட்கம் என்று போட்டுவிட்டார். ஹமீமா தன் அறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, பூச்சாடியைத் தள்ளிவைத்துவிட்டு, திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடித்தாள். கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தால் அவளுக்கும் திரை தெரிந்தது.

சரியாக அந்த நேரம்தான் ஸுபைதா வாசலில் வந்து ஸலாம் சொன்னாள். உம்மு குல்தூம் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். "நல்ல நேரத்துலதான் வந்தீங்க. தம்பியத்தான் போட்டிருக்கோம்!"

லெட்சுமணன் திருகினார். கறுப்பு மெல்லக் கீழே இறங்கியது. பாறூக்குக்கு முழங்கால் வந்தது. கணுக்கால் வந்தது. சுத்தமாகத் துடைத்த சப்பாத்து வந்தது. இரண்டு கால்களும் நேராக, நன்றாகத்தான் இருந்தன. ஹமீமாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. லெட்சுமணன் இன்னும் கொஞ்சம் திருகினார்.

"தங்கச்சி, கண்ணாடிய ஆட்டாமப் பிடிங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. டீவிக்குப் பின்னாலிருந்து அவர் தலை நீண்டு கண்ணாடியை உற்றுப் பார்த்தது. பிறகு, "நானா, நான் கேக்கிறேன்னு கோவிக்காதீங்க. இந்தத் தம்பி என்னத்துக்கு அப்பிள் பெட்டி மேல ஏறி நிக்கிறாரு?" என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள். சப்பாத்துக்குக் கீழே, அப்பிள் படம் போட்ட ஒரு முழு மரப்பெட்டி. அறையெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கமெராக்காரன் பின்னால் போயிருக்கிறான், பெட்டியை மறந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறூக் "சரியா மச்சான்?" என்று கேட்டார், தொப்பென்று பெட்டியிலிருந்து தரையில் குதித்தார், தலை விசுக்கென்று கீழே வந்தது. படம் குதிக்கவில்லை. இத்தனை நாளும் குதித்தது மாப்பிள்ளை! கதவு நிலை அசையாமல் நிற்க, தலை மட்டும் எப்படிக் குதிக்கும் என்று ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா? அந்த வீட்டில் எது கோளாறாகத் தெரிந்தாலும் பழி டீவி தலையில்தான் விழும், அதுதான் நடந்தது. தரையில் நின்ற பாறூக்கின் தலைக்கும் கதவின் மேற்சட்டத்துக்கும் நடுவில் இரண்டு சாண் வெட்டவெளி. ஹமீமாவின் தோளுக்கு வருவார், தாராளமாகச் சொன்னால் காதுக்கு வருவார்.

மர்சூக்கின் முகம் சிவந்தது. "என்ன வேலை இது? எங்கள என்ன கேனயன்கள்ண்டு நெனச்சிட்டீங்களா? பொட்டி மேல ஏத்திக் காட்டி என்ட புள்ளைய ஏமாத்தப் பார்த்தீங்களா?"

ஸுபைதா விருட்டென்று எழுந்தாள். "அல்லாஹ் மேல சத்தியமா எனக்குத் தெரியாது நானா! புள்ள நல்ல ஒசரம்ண்டு போன்ல சொன்னது நான்தான். அவன் எத்தன அடிண்டு விசாரிச்சான். பொறகு கேட்டான், 'என்னோட நடந்து போக அவங்களுக்கு வெக்கமா இருக்குமா தாத்தா'ண்டு. அவ்வளவுதான். இப்படி ஒரு கூத்துச் செய்வான்ண்டு கனவுலயும் நெனைக்கல."

"கசெட்ட எடுங்க. இந்தக் கதை இத்தோட முடிஞ்சி" என்றார் மர்சூக்.

உம்மு குல்தூம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவும் போயிற்று என்று அவள் கண் சொன்னது. அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹமீமா அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடி கையில் குலுங்கியது.

"தங்கச்சி, கண்ணாடி பத்திரம்!" என்று லெட்சுமணன் பதறினார்.

அவள் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"பொய்தான் வாப்பா. நான் இல்லண்டு சொல்லல. அதுக்கு அவர்கிட்ட நானே நல்லாக் கேப்பேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இந்த வீட்டுக்கு வந்த எல்லாரும் யார ஒசரத்தக் கொறைக்கச் சொன்னாங்க? என்னைய. உம்மாவும் என்னையத்தான் குனியச் சொன்னாங்க. நானும் வெக்கமில்லாமக் குனிஞ்சேன்." அவள் டீவியைக் காட்டினாள். "இந்த மனுசன் ஒருத்தர்தான் என்னையக் குனியச் சொல்லாம, தானே ஏறி நிண்டிருக்காரு."

உம்மு குல்தூம் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மர்சூக் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். அவரும் அவளுக்குத் தோளளவுதான் வருவார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும், முக்கியமாக அவருக்கே, ஞாபகத்துக்கு வந்தது.

"ஸுபைதா தாத்தா, அவர் போன் எடுத்தாச் சொல்லுங்க, எனக்குச் சம்மதம்" என்றாள் ஹமீமா. "வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல. அந்தப் பெட்டிய மட்டும் அங்கேயே விட்டுட்டு வரச் சொல்லுங்க."

ஸுபைதா அழுகையும் சிரிப்புமாக அவளைக் கட்டிக்கொண்டாள், அவள் நெஞ்சுவரைதான் எட்டினாள். லெட்சுமணன் பின்மூடியைப் பூட்டிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சரி, வேலை முடிஞ்சிது. கசெட்ட எடுத்திடவா?"

"வேணாம் அண்ணன். மொதல்ல இருந்து இன்னொருக்காப் போடுங்க" என்றாள் ஹமீமா. "நான் இன்னும் அவர முழுசாப் பார்க்கல."