புகாரக்காவும் பெரிய சாரின் குறுக்கெழுத்தும்

குடிநீர் அலுவலகத்தில் பெரிய சார் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், அன்றைய பேப்பரில் வந்த குறுக்கெழுத்து முதலில் முடிந்திருக்க வேண்டும். இது எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இல்லை. விதிமுறைப் புத்தகத்தில் இருப்பதை அங்கே ஒருவரும் மதித்ததாகத் தெரியவில்லை. இதை மட்டும் எல்லோரும் மதித்தார்கள்.

கட்டங்கள் நிரம்பிவிட்டால் அவரைப் போல நல்ல மனிதர் கிடையாது. கோப்புகளை இழுத்து வைத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றுவிட்டால் போதும், பேனா கீழே இறங்காது. குழாய் இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் இன்னொரு நாள் வாளியோடு அலைய வேண்டியதுதான். அவர் கட்டத்தைப் பேனாவால்தான் நிரப்புவார். பென்சில் தைரியமில்லாதவர்களுக்கு என்பது அவர் கட்சி.

யாராவது கூடமாட உதவலாமே என்றால் அதற்கும் வழியில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஆர்வக்கோளாறில் எட்டிப் பார்த்து, "அது அரண்மனை சார்" என்று சொல்லித் தொலைத்தார். பெரிய சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஆள் இப்போது பழைய கோப்பு அறையில் இருக்கிறார். நல்ல அறைதான், ஜன்னல் மட்டும் இல்லை.

ஆகவே அலுவலகம் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. பெரிய சார் வருவதற்கு முன்பே அதே பேப்பரில் இன்னொன்று வாங்கி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கட்டத்தை முடித்துவிடுவார்கள். கணக்கருக்குப் பழைய சொற்கள் அத்துப்படி. ஜீப் ஓட்டுநருக்கு விலங்கு, பறவை, ஆயுதம். விடை கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. கண்டுபிடித்ததைப் பெரிய சாரின் காதில் தற்செயலாக விழவைத்து, அது அவர் மூளையிலேயே முளைத்ததாக அவரை நினைக்கவைப்பதுதான் வேலை. அதில்தான் ஆளுக்கு ஆள் சொதப்பினார்கள். கணக்கர் ஒருநாள் உள்ளே போய், பயத்தில் மற்றதையெல்லாம் மறந்து, பெரிய சாரின் முகத்துக்கு நேராக "சோம்பேறி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அவருடைய சம்பள உயர்வு இன்னும் வந்து சேரவில்லை.

அந்த வேலை கடைசியில் புகாரக்காவின் தலையில் வந்து விழுந்தது. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. புகார் பிரிவில் உட்கார்ந்த பிறகு அது சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. புகார் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் எந்தச் சொல்லையும் நுழைக்கலாம். கழுத்தணி, நான்கு எழுத்து என்றால், அவள் கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள்.

"சார், மீட்டர் தப்பா ஓடுதுன்னு ஒரு அம்மா வந்து ஒரே கூச்சல். கழுத்துல கிடந்த அட்டிகைய காட்டி, இத வித்தா நான் பில் கட்டணும்னு கேக்குறாங்க."

பெரிய சார் தலையை நிமிர்த்தாமல் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். பேனா ஓடும். முகத்தில் வெற்றிச் சிரிப்பு வரும். வெளியே கணக்கர் பெருமூச்சு விடுவார். மூன்று வருடமாக இப்படித்தான் அந்த ஊரில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் அவளுக்கே ஆப்பாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் கணவனுக்கு வேலை வேறு ஊரில். ஐந்து வயது மகள் அங்கே அப்பாவோடும் அத்தையோடும் இருந்தாள். புகாரக்கா வாரக் கடைசியில் பஸ் பிடித்துப் போய், ஒருநாள் இருந்துவிட்டுத் திரும்புவாள். போன முறை கதவைத் திறந்த மகள், "வாங்க, உக்காருங்க, அத்தை குளிக்கிறாங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வாளே, அதே மரியாதை. புகாரக்கா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அந்த ஊர்க் கிளை அலுவலகத்தில் புகார் பிரிவு காலியாக இருந்தது. மாதம் முடிவதற்குள் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய சார் இடமாற்ற விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"உங்கள அனுப்ப மனசு வரலம்மா" என்றார் பெரிய சார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க உள்ள வந்தாலே எனக்கு மூளை நல்லா வேலை செய்யுது. ஏதோ உங்க ராசி."

"குழந்தை அங்க இருக்கு சார்."

"குழந்தைங்கதானே, வளந்துடும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசியாமே ராசி! ஆனால் என்ன சொல்ல முடியும்? சரி, ராசியைக் கெடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். மறுநாள் "பிறரை ஏமாற்றுபவன், நான்கு எழுத்து" என்று வந்தது. விடை எத்தன். அவள் உள்ளே போய், மீட்டரைக் கழற்றிக்கொண்டு போன திருடனைப் பற்றி விலாவாரியாகப் பேசினாள். பெரிய சார் "திருடன்" என்று எழுதினார். அதனால் மேலிருந்து கீழே இறங்கிய இரண்டு சொற்களும் நாசமாயின. அவர் அவற்றையும் எப்படியோ முறுக்கி உள்ளே திணித்தார்.

அடுத்த நாள் பேப்பரில் சரியான விடை வந்தது. பெரிய சார் அதை நீண்ட நேரம் பார்த்தார்.

"பேப்பர் கெட்டுப் போச்சும்மா" என்றார். "விடைய கூட ஒழுங்கா போடத் தெரியல." அன்றைக்கே பத்திரிகை ஆசிரியருக்குக் கண்டனக் கடிதம் ஒன்றும் எழுதினார். அதைத் தபாலில் சேர்த்தவள் புகாரக்கா.

பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். ஒரு வாரம் எந்தச் சொல்லும் உள்ளே போகவில்லை. எந்தக் கோப்பும் வெளியே வரவில்லை. இணைப்புக் கிடைக்காதவர்கள் நேராக அவள் மேசைக்குத்தான் வந்து கத்தினார்கள், புகார் பிரிவு அதுதானே. ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமா போகும். டீசல் பில் நிக்குதுக்கா."

மாதம் முடிய இரண்டே நாள் இருந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரிய சார் அப்போதுதான் பேப்பரை மடித்து, குறுக்கெழுத்துப் பக்கத்தை மேலே வைத்திருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"என் ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நாங்க காலையிலேயே கட்டத்த போட்டு வச்சுடுவோம். நான் வந்து பேச்சோட பேச்சா சொல்லிட்டுப் போவேன். நீங்க எழுதுவீங்க. மூணு வருஷமா இதான் நடக்குது."

பெரிய சார் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் சிவந்தது.

"அப்ப உங்கள நம்பித்தான் நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல சார்."

"குடுங்க அத." விண்ணப்பத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். காகிதம் கிழியாதது ஆச்சரியம். "நாளைக்கே கிளம்புங்க. இன்னைக்கு ஒருத்தரும் இந்த அறைக்குள்ள வரக் கூடாது. நானே போடுறேனா இல்லையான்னு பாருங்க."

அவள் வெளியே வந்து விண்ணப்பத்தைக் கணக்கரிடம் காட்டினாள். கணக்கர் அவளுக்காகச் சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்காகக் கவலைப்பட்டார். "முத்திரை போடலையேக்கா" என்றார். முத்திரை பெரிய சாரின் மேசையில் இருந்தது. காலையில் போய்க் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. சாப்பாட்டு நேரம் போனது. அறையின் அரைக்கதவு அசையவே இல்லை. எல்லோரும் கிளம்பும் நேரத்தில், வேறு வழியில்லாமல் அவள் உள்ளே நுழைந்தாள்.

"முத்திரை சார்."

"அங்க இருக்கு. எடுத்துக்கோங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டு, களைத்துப்போய், ஆனால் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். முத்திரையை எடுக்கும்போது அவள் கண் தானாகக் கட்டத்துக்குப் போனது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அநேகமாக எல்லாம் நிரம்பியிருந்தது. நிரப்பியதெல்லாம் சரியாகவும் இருந்தது. காலையில் கணக்கர் இரண்டு முறை அழித்து எழுதிய சொல்லைக் கூட அவர் ஒரே அடியில் போட்டிருந்தார். கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் மட்டும் பாக்கி. நீர் சிறிது சிறிதாக வெளியேறுதல்.

அந்த அலுவலகத்துக்குத் தினமும் வரும் புகாரில் பாதி அதுதான். மனிதருக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார். புகாரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரையைக் குத்தினாள். அவர் போட்டுவிடுவார், நிச்சயம் போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. சீக்கிரம் வெளியே போய்விட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டினார்.

"அக்கா, பள்ளிக்கூடத் தெருவுல என்ன புகார்? ஆளுங்க கேக்குறாங்க."

"கசிவு" என்றாள். வேலைப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது.

பெரிய சாரின் பேனா நின்றது. அவர் கட்டத்தைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார், ஓட்டுநரின் தலை மறைந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.

"இப்படித்தானா?" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முந்தின மாசம் ஒரு நாள், மத்தளம்னு போட்டேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சு. வீட்டுல கூட சொன்னேன்."

"அது கணக்கர் கண்டுபிடிச்சது சார். வந்து சொன்னது நான்."

"ஊர்வலம்?"

"அது டிரைவர்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பேனாவை மூடினார். மூன்று கட்டங்களையும் அப்படியே விட்டுவிட்டுப் பேப்பரை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அவள் பார்க்க, விடை தெரிந்தும் அவர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மடித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, அத நானே போட்டிருப்பேன்" என்றார்.

"போட்டிருப்பீங்க சார்" என்றாள் புகாரக்கா.

மனதாரத்தான் சொன்னாள். அந்த அறையில் அவள் இதுவரை பேசியதிலேயே கலப்பில்லாத பேச்சு அது. அவர் நம்பவில்லை.